ஷெவெல்லுக்கு 4.10 வேண்டுமா, 3.55 போதுமா?

கேள்வி: என்னிடம் 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்.எஸ். 396 இருக்கிறது. டர்போ 400 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின்னால் 12 போல்ட் ஆக்சில், இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்து இழுக்க வைக்கும் பாசிட்ராக்‌ஷன். ஆக்சிலின் ரேஷியோ (சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் டிரைவ்ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்) 3.31 என்று தொழிற்சாலையின் பில்ட் ஷீட்டில் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் 15 அங்குல வீலுக்கு மாற்றி, பின்னால் 275/60 ஆர் 15 டயர் போட்டிருக்கிறார். டெட்ராய்ட் அருகே டிராய் நகரில் இருக்கிறோம். சனிக்கிழமை மாலை வுட்வர்ட் அவென்யூவில் ஒரு சுற்று, கோடையில் இரண்டு மூன்று முறை குடும்பத்தோடு சிகாகோ, அவ்வளவுதான் ஓட்டம். இவ்வளவு பெயர்பெற்ற வண்டி, கிளம்பும்போதும் சரி, ஃப்ரீவேயில் முந்தும்போதும் சரி, சோம்பலாக இருக்கிறது. டிராக் ரேஸ் ஓட்டும் நண்பர் ஒருவர் 4.10 போடச் சொல்கிறார். இன்னொருவர் கையே வைக்காதே என்கிறார். 3.55, 3.73, 4.10 இவற்றில் எதைப் போடலாம்? பிற்பாடு ஓவர்டிரைவ் (ஃப்ரீவேயில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ள கியர்பாக்ஸ் போடும் எண்ணமும் இருக்கிறது.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மிச்சிகன்)

பதில்:

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். டர்போ 400 அப்படியே இருக்கப்போகிறது என்றால் 3.55 போடுங்கள். ஓவர்டிரைவ் உறுதி என்றால் இப்போது ஆக்சிலைப் பிரிக்கவே வேண்டாம். இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யுங்கள், அப்போது எண் வேறு. எதுவானாலும், கியர் செட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அரை நாள் ஒதுக்கி வண்டியில் சில இடங்களைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்தச் சோம்பலில் பெரும்பங்கு ஆக்சிலுக்கு வெளியே இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

டயரிலிருந்து தொடங்குவோம். 1970-இல் எஸ்.எஸ். 396 தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதில் இருந்தது 14 அங்குல வீலும் எஃப்70-14 டயரும். அந்த டயரின் உயரம் சுமார் 26 அங்குலம். இப்போது உங்கள் வண்டியில் இருப்பதைக் கணக்கிடுங்கள். அகலம் 275 மில்லிமீட்டர். அதில் 60 சதவீதம் பக்கச்சுவர், அதாவது 165 மில்லிமீட்டர். அது மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் 15 அங்குல வீல். எல்லாம் சேர்ந்தால் 28 அங்குலம். வண்டியின் பாரத்தில் டயர் அமுங்குவதால் ஓடும்போது இது கொஞ்சம் குறையும். பழைய டயருக்கும் அதே போலக் குறையும் என்பதால் ஒப்பீடு மாறாது.

டயர் உயரமானால், ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போகும். அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றும். ரேஷியோவைக் குறைத்ததற்கும் இதற்கும் எஞ்சினைப் பொறுத்தவரை எந்த வித்தியாசமும் இல்லை. 3.31-ஐ 26-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் 3.07 வருகிறது. ஆக, உங்கள் ஆக்சிலுக்குள் இருப்பது 3.31 என்றாலும் வண்டி ஓடுவது 3.08 போட்ட வண்டியைப் போல. ஷெவர்லே கொடுத்த வண்டியை நீங்கள் இன்னும் ஓட்டிப் பார்க்கவே இல்லை.

இப்போது அதே கணக்கை 3.55-க்குப் போடுங்கள். 3.30 வரும். அதாவது இந்த 28 அங்குல டயரோடு 3.55 போட்டால், 1970-இல் ஷோரூமிலிருந்து வெளியே வந்த அதே ஓட்டம் திரும்பக் கிடைக்கும். நண்பர் சொல்லும் 4.10 உங்கள் டயரில் 3.81 போல நடந்துகொள்ளும்.

இதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். ஃப்ரீவேயில் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் 70 மைல் காட்டும்போது உங்கள் ஸ்பீடோமீட்டர் முள் 65 அருகே நின்றால், மேலே சொன்னது அத்தனையும் சரி. அப்படி நிற்காவிட்டால் இரண்டில் ஒன்று: யாரோ ஏற்கெனவே கியர்பாக்ஸில் ஸ்பீடோ கியரை மாற்றியிருக்கிறார்கள், அல்லது ஆக்சிலுக்குள் இருப்பது 3.31 இல்லை. ஐம்பது வயது தாண்டிய வண்டியில் பில்ட் ஷீட்டை வைத்து மட்டும் ஆக்சிலை நம்பக் கூடாது; இடையில் எத்தனை கை மாறியிருக்கும்! 3.55 போட்டால் இன்னொரு லாபமும் உண்டு. தொழிற்சாலையில் போட்ட ஸ்பீடோ கியர் இன்னும் உள்ளே இருந்தால், வேறு எதையும் தொடாமலே முள் உண்மையான வேகத்தைக் காட்ட ஆரம்பிக்கும்.

அடுத்தது, முந்தும்போது வரும் சோம்பல். உங்கள் வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

எண் போட்டுப் பார்ப்பதற்கு எளிய வழி: மணிக்கு எத்தனை மைல் என்பதை ரேஷியோவாலும் 336-ஆலும் பெருக்கி, டயர் உயரத்தால் வகுக்க வேண்டும். கியர்பாக்ஸின் கடைசி கியர் 1.00 ஆக இருக்கும் வண்டிகளுக்கு அதுதான் எஞ்சினின் ஆர்பிஎம். உங்கள் டயர் 28 அங்குலம் என்பதால் கணக்கு இன்னும் சுலபம்: மைல் வேகம் பெருக்கல் 12, பெருக்கல் ரேஷியோ. 50 மைல் வேகத்தில் மூன்றாவது கியரில் போகிறீர்கள் என்றால் 600 பெருக்கல் 3.31, கிட்டத்தட்ட 1,990 ஆர்பிஎம். பெடலை முழுக்க மிதித்தால் டர்போ 400 இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டும். இரண்டாவது 1.48. உடனே 2,940-க்குப் போயிருக்க வேண்டும். உங்கள் எஞ்சினுக்கு ஷெவர்லே அறிவித்த உச்ச டார்க் (திருப்பு விசை) 415 பவுண்டு-அடி, அது வருவது 3,400 ஆர்பிஎம்மில். ஆக, இப்படிக் கியரை இறக்கும் கிக்டவுன் வேலை செய்தால் அந்த உச்சத்தை நெருங்கிவிடுகிறீர்கள். வேலை செய்யாவிட்டால் 1,990-இலேயே கிடந்து திணறும்.

டர்போ 400-இல் இந்தக் கிக்டவுன் மின்சாரத்தால் நடக்கிறது. பெடலை முழுக்க அழுத்தும்போது ஒரு ஸ்விட்ச் மூடிக்கொள்ளும். அங்கிருந்து வரும் ஒயர் கியர்பாக்ஸின் இடது பக்கம் சொருகியிருக்கும். உள்ளே ஒரு சாலினாய்டு இழுக்கும். கார்புரேட்டரையோ இன்டேக்கையோ யாராவது மாற்றும்போது முதலில் கழன்றுபோவது இந்த ஸ்விட்ச்தான். பலர் அதைத் திரும்ப மாட்டுவதே இல்லை, ஏனென்றால் அது இல்லாமலும் வண்டி ஓடுகிறது, கியர் மாறுகிறது. சோதிப்பது சுலபம். எஞ்சினை நிறுத்தி, சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, பெடலைத் தரை வரை மெதுவாக அழுத்துங்கள். கடைசியில் கியர்பாக்ஸ் பக்கமிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒயரைத் தேடுங்கள். ஆக்சிலை 3.31-இலிருந்து 3.55-க்கு மாற்றினால் இழுவை 7 சதவீதம் கூடும். அந்த ஒயர் 48 சதவீதம் தரும்.

அப்புறம் கார்புரேட்டர். எஞ்சின் நின்றிருக்க, ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒருவர் பெடலை முழுக்க மிதிக்கட்டும்; நீங்கள் மேலிருந்து பாருங்கள். முன்பக்கத்துச் சின்னத் துவாரங்களின் தகடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். பின்பக்கத்துப் பெரிய துவாரங்களில் மேலே இருக்கும் காற்றுத் தகட்டை விரலால் அழுத்திவிட்டு உள்ளே பார்த்தால், அங்கேயும் தகடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். உங்கள் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் சோக் முழுக்கத் திறக்காவிட்டால் பின்பக்கம் பூட்டியே இருக்கும். அதனால் எஞ்சின் சூடான பிறகு அணைத்துவிட்டுப் பாருங்கள். பெடல் கேபிள் தளர்ந்து, முக்கால் பங்குதான் திறக்கிறது என்ற நிலையில் எத்தனையோ வண்டிகள் என் பட்டறைக்கு ‘கியர் மாற்ற வேண்டும்’ என்று வந்திருக்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டரில் தீப்பொறியின் நேரத்தை முன்னால் தள்ளும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து அசையாமல் நிற்பதும் அதே அளவு சகஜம். டைமிங் லைட் வைத்து, வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றினால் சுமார் 36 டிகிரி வர வேண்டும். 20-இலேயே நின்றுவிட்டால் எந்தக் கியரும் அந்த வண்டியை எழுப்பாது.

கிளம்பும்போது சோம்பல் என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போடலாம், எல்லாம் தோராயம்தான். 415 பவுண்டு-அடி என்பது அந்தக் காலத்து முறைப்படி, எஞ்சினை மேஜையில் வைத்து, துணைக் கருவிகள் பெரும்பாலும் இல்லாமல் அளந்த எண். வண்டிக்குள் வந்தால் ஐந்தில் ஒரு பங்கு கழித்துக்கொள்ளலாம்: 330. முதல் கியர் 2.48, ஆக்சில் 3.31, இரண்டையும் பெருக்கினால் 8.21. வழியில் உராய்வில் 15 சதவீதம் போனாலும் பின்சக்கரத்தில் 2,300 பவுண்டு-அடி வருகிறது. டயரின் ஆரம் 14 அங்குலம். ஆக, சாலையைத் தள்ளும் விசை 1,970 பவுண்டு. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் திரவத்தால் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர், கிளம்பும் கணத்தில் டார்க்கை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும் என்பதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

மறுபக்கம், வண்டியின் எடை சுமார் 3,800 பவுண்டு. முன்னால் கனத்த பிக் பிளாக் எஞ்சின் இருப்பதால் பின்பக்கம் 1,700 பவுண்டு அளவுதான் நிற்கும். கிளம்பும்போது எடை பின்னால் சாய்ந்து 2,000 ஆகட்டும். சாலை ரேடியல் டயரின் பிடிப்பு அதில் பத்தில் ஒன்பது பங்கு என்று தாராளமாக வைத்தாலும் 1,800 பவுண்டு. புரிகிறதா? இப்போதிருக்கும் 3.31-லேயே எஞ்சின் தரக்கூடியது டயர் தாங்கக்கூடியதைவிட அதிகம். நல்ல நிலையில் உள்ள எஸ்.எஸ். 396, நின்ற இடத்திலிருந்து முழுப் பெடலில் இரண்டு டயரையும் கீச்சிட வைக்க வேண்டும். காலியான பார்க்கிங் இடத்தில் ஒரு முறை முயன்று பாருங்கள். உங்கள் வண்டி கீச்சிடாமல் அமைதியாக நகர்ந்து போனால், குறை எஞ்சினில், ஆக்சில் நிரபராதி. டயர் கீச்சிட்டால் வண்டி நலமாக இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது 3.55 தரும் அந்தச் சின்னச் சுறுசுறுப்புதான். அங்கே 4.10 போட்டால் கீச்சிடும் நேரம்தான் கூடும்.

உங்கள் நண்பர் தவறாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் பேசுவது கால் மைல் ஓட்டத்தைப் பற்றி. அங்கே எல்லைக் கோட்டைக் கடக்கும் நேரத்தில் எஞ்சின் தன் உச்சக் குதிரைத்திறனுக்கு அருகில் இருக்க வேண்டும். உங்கள் எஞ்சினுக்கு அது 350 குதிரைத்திறன், 5,200 ஆர்பிஎம்மில். கோட்டை 100 மைல் வேகத்தில் கடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 3.31-இல் அப்போது எஞ்சின் 3,970-இல்தான் சுற்றும். 4.10 போட்டால் 4,920. ரேஸ்காரர் 4.10 கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். 1970-இல் ஷெவர்லேவும் அப்படித்தான் நினைத்தது. 450 குதிரைத்திறன் கொண்ட எல்எஸ்6 454 எஞ்சினுக்குக்கூட வழக்கமாகக் கொடுத்தது 3.31, டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்காக 4.10-ஐத் தனி விருப்பமாக வைத்தது.

ஆனால் நீங்கள் சிகாகோவுக்குப் போகிறீர்கள். ஐ-94-இல் சுமார் 280 மைல். 70-இல் போனால் நான்கு மணி நேரம். அந்த வேகத்தில் 3.31 உங்கள் டயரோடு 2,780 ஆர்பிஎம், 3.55 என்றால் 2,980, 3.73 என்றால் 3,130, 4.10 என்றால் 3,440. டர்போ 400-இன் கன்வர்ட்டருக்குள் லாக்-அப் (இரு பக்கத்தையும் நேராகப் பூட்டும் கிளட்ச்) கிடையாது, எப்போதும் கொஞ்சம் வழுக்கும். எல்லாவற்றோடும் இன்னும் ஒரு நூறு சுற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். 3.31-க்கும் 4.10-க்கும் நிமிடத்துக்கு 660 சுற்று வித்தியாசம். சிகாகோ போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சுமார் 1,60,000 முறை கூடுதலாகச் சுற்றியிருக்கும். பெட்ரோல் ஒருபக்கம் இருக்கட்டும். முதல் ஒரு மணி நேரம் அந்தச் சத்தம் பிடிக்கும். வழியில் கலமசூ ஊரைத் தாண்டும்போது பின் சீட்டில் இருக்கும் குழந்தைகளுக்குத் தலைவலி வந்திருக்கும். அடுத்த முறை வீட்டில் எல்லோரும் டொயோட்டாவில் போகலாம் என்பார்கள், ஷெவெல் கராஜில் நிற்கும். 4.10 போட்டுவிட்டு, ஒரே கோடையில் திரும்பவும் மாற்ற வந்தவர்களில் அநேகர் இப்படி ஃப்ரீவேயில் குடும்பத்தோடு போனவர்கள்தான்.

இன்னொன்றும் உண்டு. ஆக்சிலின் எண் கூடும்போது டிரைவ்ஷாஃப்ட்டும் வேகமாகச் சுற்றும். பழைய ஷாஃப்ட்டில் லேசாக இருக்கும் பேலன்ஸ் குறையும், யு-ஜாயின்ட்டின் கோணப் பிசகும் 2,780-இல் தெரியாது. 3,440-இல் சீட் வழியாகத் தெரியும். பிறகு அதைத் தேடிக்கொண்டே ஒரு மாதம் போகும்.

சிகாகோ உங்கள் கடிதத்தில் இல்லாமல், வுட்வர்டும் சுற்றுவட்டாரமும் மட்டும்தான் என்றால், 3.73 என்றே எழுதியிருப்பேன். 45 மைல் சாலையில், சிக்னலுக்குச் சிக்னல் போகிறவருக்கு 3.73 நல்ல கியர். ஆகஸ்ட் மாதத்துப் பழைய கார்களின் ஊர்வலமான வுட்வர்ட் டிரீம் குரூஸில் ஊர்ந்து போவதற்கு எந்த எண்ணும் ஒன்றுதான். அன்றைக்குக் கவலை எல்லாம் ரேடியேட்டர் பற்றித்தான். பிற்காலத்தில் அசல் தோற்றம் வேண்டும் என்று 14 அங்குல வீலுக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் அதற்கும் 3.55 இடம் கொடுக்கும். 26 அங்குல டயரில் 70 மைலுக்கு 3,210 வரும், சமாளிக்கலாம். 3.73 அங்கே 3,370-க்குப் போய்விடும்.

செலவைப் பொறுத்தும் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. உங்கள் 12 போல்ட் ஆக்சிலில் கிரவுன் வீல் (பெரிய பல்சக்கரம்) பூட்டியிருக்கும் கேரியர் எல்லா ரேஷியோவுக்கும் ஒன்று அல்ல. 3.08-இலிருந்து 3.73 வரை ஒரே கேரியர். 4.10-க்கு, கிரவுனைச் சுற்றும் பினியன் என்ற பல்சக்கரம் சின்னதாகிவிடுவதால் கிரவுன் தள்ளி நிற்க வேண்டும். அதற்கு வேறு கேரியர் வேண்டும், இல்லையென்றால் தடித்த கிரவுன் உள்ள சிறப்பு கியர் செட் தேட வேண்டும். 3.55-உம் 3.73-உம் உங்கள் அசல் பாசிட்ராக்‌ஷன் கேரியரிலேயே உட்காரும். பிரிக்கிறபோது அந்தப் பாசியின் கிளட்ச் தகடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. மறுபடி பிரிப்பதற்கு மறுபடி கூலி.

இனி ஓவர்டிரைவ் விஷயம். ‘பிற்பாடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிற்பாடு இரண்டு வருடத்துக்குள் என்றால், இப்போது ஆக்சிலுக்குப் பணம் போடாதீர்கள். உங்கள் பிக் பிளாக்குக்குப் பொருத்தமானது 4எல்80இ. அது டர்போ 400-இன் வாரிசு; முதல் மூன்று கியர்களும் அதே 2.48, 1.48, 1.00, கூடவே நான்காவதாக 0.75. டிரைவ்ஷாஃப்ட்டின் நீளத்தை மாற்ற வேண்டும், எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் வேண்டும், குறுக்குச் சட்டத்தை நகர்த்த வேண்டும், வண்டியின் அடித்தளத்தில் டனல் பகுதியிலும் கொஞ்சம் வேலை வரும். சின்ன வேலை என்று நினைத்து இறங்காதீர்கள். ஆனால் முடிந்த பிறகு கணக்கைப் பாருங்கள். 4.10 ஆக்சிலை 0.75-ஆல் பெருக்கினால் 3.075. 70 மைலில் எஞ்சின் 2,580. இப்போது 3.31-இல் ஓடுவதைவிட 200 சுற்று குறைவு! கன்வர்ட்டர் லாக்-அப்பும் இருப்பதால் வழுக்கலும் போய்விடும். 3.73 போட்டால் 2,350. அந்த நிலையில் நண்பர் சொன்ன 4.10-ஐத் தாராளமாக யோசிக்கலாம். இருந்தாலும், கேரியர் மாற்ற வேண்டாம் என்பதாலும், மேலே பார்த்த டயர் பிடிப்புக் கணக்காலும், என் தேர்வு அங்கே 3.73தான்.

இன்னொரு ஓவர்டிரைவ் ஆட்டோமேட்டிக்கான 700ஆர்4 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் முதல் கியர் 3.06, 3.73-ஆல் பெருக்கினால் 11.4. சின்ன எஞ்சினுக்கு அது வரம். உங்கள் எஞ்சின் அதை டயர் புகையாக்கிவிடும். தவிர, முதல் கியரிலிருந்து இரண்டாவதான 1.63-க்கு விழும் இடைவெளி பெரியது, உள்ளே வலுப்படுத்தாமல் பிக் பிளாக்கின் பின்னால் அது நீடிக்காது.

சரி, 3.55 என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் கொடுக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டுகள் மேல் உட்காரவையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, டிரைவ்ஷாஃப்ட்டில் ஒரு கோடு. பாசி நல்ல நிலையில் இருந்தால் இரண்டு சக்கரமும் ஒரே திசையில் சேர்ந்து சுற்றும். சக்கரத்தைப் பத்து முறை சுற்றி, ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணுங்கள். 33 என்றால் 3.31. 31-ஐ ஒட்டி வந்தால் 3.08. 27 சுற்றும் கொஞ்சமும் என்றால் 2.73, அது வந்தால் எனக்குத் திரும்ப எழுதுங்கள், ஏனென்றால் அதற்குரிய கேரியரே வேறு, மேலே சொன்ன செலவுக் கணக்கு மாறிவிடும். மூடியைக் கழற்றினால் பற்களை எண்ணியே உறுதி செய்யலாம்: 3.31-க்குக் கிரவுனில் 43, பினியனில் 13. நீங்கள் வாங்கப்போகும் 3.55-இல் 39-உம் 11-உம்.

கியர் செட்டைவிட முக்கியம் அதைப் பூட்டும் கை. இந்த வேலையை வீட்டில் முதல்முறையாகச் செய்து பார்க்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும், பேரிங்கின் இறுக்கத்தைப் புது கிரஷ் ஸ்லீவ் போட்டு இன்ச்-பவுண்டு டார்க் ரெஞ்சில் பார்த்துப் பார்த்துக் கொண்டுவர வேண்டும், கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையிலான பேக்லாஷ் என்ற சின்ன இடைவெளியை டயல் கேஜில் அளக்க வேண்டும். கியர் பெட்டியோடு வரும் தாளில் அளவு இருக்கும், பெரும்பாலும் 0.006 முதல் 0.010 அங்குலத்துக்குள். அதற்குப் பிறகு பற்களில் மஞ்சள் பெயின்ட் தடவி, பாரம் கொடுத்துச் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். தடம் பல்லின் உயரத்தில் நடுவே விழ வேண்டும். உச்சியை ஒட்டியோ அடிப்பள்ளத்திலோ விழுந்தால் ஷிம்மை மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி. நான்கைந்து முறை பிரித்துப் பூட்டுவது இதில் சாதாரணம். பட்டறைக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: தடத்தைப் புகைப்படம் எடுத்துத் தருவாரா, பேக்லாஷ் எண்ணை பில்லில் எழுதித் தருவாரா. இரண்டுக்கும் யோசிக்காமல் சரி சொல்பவரிடம் வண்டியை விடுங்கள். பழைய பேரிங்கையே திரும்பப் போட்டுக் கூலியைக் குறைக்கிறேன் என்று சொல்பவரிடம் விடாதீர்கள்.

எண்ணெய் ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90, அதோடு பாசி கிளட்ச்சுக்கு உரிய ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர். அதைச் சேர்க்க மறந்தால் திருப்பங்களில் பின்னாலிருந்து கொரகொரவென்று சத்தம் வரும். வண்டி கைக்கு வந்ததும் முதல் நாள் பதினைந்து இருபது நிமிடம் நிதானமாக ஓட்டிவிட்டு, ஆக்சில் முழுக்க ஆறும்வரை நிறுத்துங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். புதுப் பற்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது மிகவும் சூடாகும். ஆறவிடாமல் நேரே சிகாகோ கிளம்பினால் பற்களின் மேற்பரப்பு அங்கேயே கெட்டுவிடும். முதல் 500 மைல் முழுப் பெடல் வேண்டாம், பின்னால் எதையும் கட்டி இழுக்கவும் வேண்டாம். 500 மைல் ஆனதும் எண்ணெயை மாற்றுங்கள். வடியும் எண்ணெயில் மெல்லிய வெள்ளித்தூள் போல மினுங்கினால் பயப்பட வேண்டாம், நகத்தளவு துண்டு வந்தால் உடனே பட்டறைக்கு. பெடலை அழுத்தும்போதோ விடும்போதோ ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஊளைச் சத்தம் வந்தால், ‘ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கியர் ஊளை தானாகச் சரியாகாது.

கழற்றிய 3.31 செட்டைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று ஜோடியாகத் தீட்டப்பட்டவை, பிரித்தால் இரண்டுமே பயனற்றுப் போகும். அழுத்தமாக எண்ணெய் தடவி, ஷிம்களையும் சேர்த்து ஒரே பெட்டியில் வைத்து, எந்த வண்டி, எந்த மைலில் கழற்றியது என்று மேலே எழுதுங்கள். அசல் பாகங்களோடு இருக்கும் எஸ்.எஸ். 396-க்குத் தனி மதிப்பு உண்டு. என்றாவது விற்க நேர்ந்தால் வாங்குபவர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியையும் பில்ட் ஷீட்டையும்தான்.